விண்டோஸ் 11க்கு மாறும்போது எந்த எடிஷன்? மொரீஷியஸ் வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுபோயின. பழைய கம்ப்யூட்டரை மாற்றுகிறவர்கள், புதிதாக வாங்குகிறவர்கள் எல்லோரும் விண்டோஸ் 11இன் இரண்டு எடிஷன்களைப் (வகைகளைப்) பற்றிக் கேட்கும் முதல் கேள்வி, "ஹோம் போடுவதா, ப்ரோ போடுவதா?" என்பதுதான். விற்கிறவர் ப்ரோ என்பார். வீட்டில் கேம் விளையாடும் பையனும் ப்ரோ என்பான், பெயரே அப்படி இருக்கிறதே.

நம் தீவில் பெரும்பாலான வீடுகளுக்கு ஹோம் போதும். ஆனால் ஹோம் என்ற பெயரில் சாதாரண ஹோம், ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் என்று இரண்டு எடிஷன்கள் உண்டு. அவற்றில் எது உங்களிடம் இருக்கிறது என்பது, மூன்று மொழி புழங்கும் மொரீஷியஸ் வீட்டில், ஹோமா ப்ரோவா என்பதைவிட முக்கியமான கேள்வி. கடையில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

படி 1: இப்போது இருப்பது எது என்று பாருங்கள்

செட்டிங்ஸைத் திறந்து சிஸ்டம், அதற்குள் கடைசியில் இருக்கும் அபௌட் பக்கத்துக்குப் போங்கள். அங்கே 'எடிஷன்' என்ற வரியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 'சிஸ்டம் டைப்' என்ற வரியில் 64 பிட்டா 32 பிட்டா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 என்பது 64 பிட்டில் மட்டும்தான் வருகிறது. 32 பிட் விண்டோஸ் 10 ஓடும் கம்ப்யூட்டரில் பிராசஸர் தகுதியானதாகவே இருந்தாலும் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத்தான் ஏற்ற வேண்டும்.

இந்த ஒரு வரியைப் பார்ப்பது ஏன் முக்கியம் என்றால், இலவச அப்கிரேடு எடிஷனை மாற்றாது. விண்டோஸ் 10 ஹோம் வைத்திருப்பவருக்கு 11 ஹோம் கிடைக்கும், ப்ரோ வைத்திருப்பவருக்கு ப்ரோ. விண்டோஸ் 10 முறையான லைசென்ஸோடு ஓடிக்கொண்டிருந்தால் ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. பழைய விண்டோஸ் 7, 8 கீயை (லைசென்ஸ் எண்ணை) போட்டு 11ஐ இயக்கும் வழி மட்டும் 2023இல் அடைபட்டுவிட்டது. அலமாரியில் இருக்கும் பழைய ஸ்டிக்கரை நம்பி இறங்காதீர்கள்.

அந்த வரியில் 'என்டர்பிரைஸ்' என்று இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். எபேன் பக்கத்து அலுவலகங்களில் ஓடிக் கழிந்த மேசைக் கம்ப்யூட்டர்களும் லேப்டாப்புகளும் செகண்ட் ஹேண்டாக வீடுகளுக்கு வருகின்றன. நல்ல சரக்குதான், திடமாகக் கட்டியவை. ஆனால் என்டர்பிரைஸ் லைசென்ஸ் பொதுவாக அந்த நிறுவனத்துடையது. பல அலுவலகங்களில் அது நிறுவனத்தின் சர்வரைத் தொட்டுத்தான் உயிரோடு இருக்கும்; 180 நாள் தொடர்பு இல்லாமல் போனால் ஆக்டிவேஷன் (லைசென்ஸ் செல்லும் என்ற ஒப்புதல்) போய்விடும்.

நல்ல செய்தி என்னவென்றால், இப்படிப்பட்ட கம்ப்யூட்டர்கள் பல தொழிற்சாலையிலிருந்து ப்ரோ லைசென்ஸோடு வந்தவை. அந்தக் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். விண்டோஸ் 11ஐச் சுத்தமாக, அதாவது பழையதை அழித்துப் புதிதாக, ஏற்றினால் அது தானாகவே கீயைப் படித்து ப்ரோவாக எழும். அப்போது உங்களுக்கு ப்ரோ இலவசம், ஹோம் தேடி அலைய வேண்டாம்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை மட்டும் செய்யுங்கள். விற்பவர் முன்னிலையிலேயே கம்ப்யூட்டரை ரீசெட் செய்து இணையத்தில் இணையுங்கள். ஏதோ ஒரு கம்பெனியின் பெயரோடு லாகின் பக்கம் வந்து நின்றால், அது இன்னும் அந்தக் கம்பெனியின் பட்டியலில் இருக்கிறது என்று பொருள். அதை அவர்கள்தான் நீக்க முடியும். வாங்காதீர்கள்.

'எஸ் மோட்' என்று கண்டால் பயப்பட ஒன்றுமில்லை. அது ஸ்டோரில் உள்ள ஆப்களை மட்டும் அனுமதிக்கும் பூட்டு. இலவசமாகத் திறக்கலாம், ஆனால் திரும்பப் பூட்ட முடியாது. 'என்' என்ற எழுத்தோடு வரும் ஹோம் என், ப்ரோ என் ஆகியவை ஐரோப்பியச் சந்தைக்கானவை. மீடியா பிளேயர் போன்ற சில பகுதிகள் அவற்றில் இல்லை, மீடியா ஃபீச்சர் பேக்கை இலவசமாகச் சேர்த்தால் சரியாகிவிடும்.

படி 2: கம்ப்யூட்டர் தாங்குமா

விண்டோஸ் 11 கேட்பவை: 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பிடம், செக்யூர் பூட் வசதியுள்ள யூ.இ.எஃப்.ஐ. (கம்ப்யூட்டரை எழுப்பும் புதிய முறை), டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப், அப்புறம் மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் உள்ள பிராசஸர். பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை முதல், ஏ.எம்.டி. என்றால் ரைசன் 2000 வரிசை முதல் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும். மைக்ரோசாஃப்ட்டின் 'பிசி ஹெல்த் செக்' ஆப்பை இறக்கி ஓட்டினால் ஒரு நிமிடத்தில் பதில் வந்துவிடும். 4 ஜிபி ராம் என்பது காகிதத்தில்தான். நடைமுறையில் 8 இல்லாமல் இறங்காதீர்கள்.

டி.பி.எம். இல்லை என்று அந்த ஆப் சொன்னால் உடனே புதுக் கம்ப்யூட்டர் பார்க்கப் போய்விடாதீர்கள். சிப் இருந்தும் பயாஸில் (விண்டோஸ் எழுவதற்கு முன் வரும் அடிப்படை செட்டிங்ஸில்) அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். இன்டெல் மதர்போர்டுகளில் அது பி.டி.டி. என்ற பெயரிலும், ஏ.எம்.டி.யில் எஃப்.டி.பி.எம். என்ற பெயரிலும் ஒளிந்திருக்கும்.

பயாஸைத் தொடுவதற்கு முன் இரண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால் (கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருந்தால்) அதன் 48 இலக்க ரிகவரி கீயை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். பயாஸில் மாற்றம் செய்த பிறகு கம்ப்யூட்டர் அந்தக் கீயைக் கேட்டு நிற்கக்கூடும். இரண்டு, பழைய 'லெகசி' முறையில் ஓடும் கம்ப்யூட்டரை யூ.இ.எஃப்.ஐ.க்கு மாற்றுமுன் டிஸ்க்கை ஜி.பி.டி. என்ற புதிய பிரிவு வடிவத்துக்கு மாற்றியாக வேண்டும். மாற்றாமல் பயாஸில் மட்டும் தட்டினால் விண்டோஸ் எழாது. கையில் பழக்கம் இல்லாதவர்கள் இந்த இடத்தில் மட்டும் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுவது நல்லது.

தகுதியில்லாத கம்ப்யூட்டரில் தந்திரமாக 11ஐ ஏற்றும் வீடியோக்கள் நிறைய உலவுகின்றன. ஏறத்தான் செய்கிறது. ஆனால் அப்படி ஏற்றியவற்றுக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. அப்டேட்டுக்காகத்தானே மாறுகிறோம்?

படி 3: உங்கள் வீட்டில் எத்தனை மொழி

அபௌட் பக்கத்தில் 'ஹோம்' என்று மட்டும் இருந்தால் ஒரு வகை. 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' என்று இருந்தால் வேறு வகை. இரண்டாவதைத் தனியாகக் கடையில் வாங்க முடியாது. சில நாடுகளின் சந்தைக்கென்று லேப்டாப் தயாரிப்பாளர்கள் ஏற்றி அனுப்புவது அது. இந்தியா அந்த நாடுகளில் ஒன்று. கோயில் யாத்திரைக்குத் தமிழ்நாடு போய்த் திரும்பும்போது சென்னையில் லேப்டாப் வாங்கி வந்திருந்தால், அதில் இந்த எடிஷனைப் பார்க்க வாய்ப்பு அதிகம்.

வேகத்திலோ பாதுகாப்பிலோ இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் சிங்கிள் லாங்குவேஜில் விண்டோஸின் மெனுக்களும் செய்திகளும் ஒரே மொழியில்தான் இருக்க முடியும். இன்னொரு மொழியைச் சேர்க்கப் போனால், உங்கள் லைசென்ஸ் ஒரு காட்சி மொழியை மட்டுமே அனுமதிக்கிறது என்று சொல்லிவிடும். ஒரே மொழியில் வாழும் ஊரில் இது யாருக்கும் உறைக்காது. நமக்கு உறைக்கும். பள்ளிப் பாடம் ஆங்கிலத்தில், செய்தித்தாள் பிரெஞ்சில், பேச்சு கிரியோலில், தமிழ் வகுப்பு வீட்டுப்பாடம் தமிழில் என்று ஓடுகிற வீடு நம்முடையது.

சாதாரண ஹோமில் ஒரு அருமையான வசதி உண்டு, பலர் கவனிப்பதில்லை. காட்சி மொழியை ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனித்தனியாக வைக்கலாம். பாட்டியின் கணக்கு பிரெஞ்சில் திறக்கும், பேரனுடையது ஆங்கிலத்தில். விரும்புகிறவர்கள் தமிழ் இடைமுகத்தையும் சேர்க்கலாம். எல்லா மூலைமுடுக்கும் தமிழாகாது, சில பகுதிகள் ஆங்கிலத்திலேயே நிற்கும், ஆனாலும் முகப்பும் செட்டிங்ஸும் பெரும்பாலும் தமிழில் வரும். இந்த வசதிக்காக யாரும் ப்ரோ வாங்க வேண்டியதில்லை, சிங்கிள் லாங்குவேஜ் இல்லாத ஹோம் போதும்.

சரி, ஏற்கெனவே சிங்கிள் லாங்குவேஜ்தான் இருக்கிறது என்றால்? முதலில் உங்களுக்கு உண்மையில் எது தேவை என்று யோசியுங்கள். தமிழில் தட்டச்சு செய்வதற்கு எடிஷன் ஒரு தடையே அல்ல. எந்த எடிஷனிலும் தமிழைச் சேர்த்து, தமிழ் 99 விசைப்பலகையையோ ஃபொனெட்டிக் விசைப்பலகையையோ தேர்ந்துகொள்ளலாம். பிரான்சிலிருந்தோ ரியூனியனிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த லேப்டாப்பில் விசைகள் அசெர்ட்டி என்ற பிரெஞ்சு வரிசையில் இருந்தால், அதுவும் விசைப்பலகை அமைப்புதான், எடிஷனோடு சம்பந்தமில்லை. ஃபயர்ஃபாக்ஸ் போன்ற பிரௌசர்களின் மொழியைத் தனியாக மாற்றலாம்.

விண்டோஸே பிரெஞ்சில் வேண்டும், ஆங்கிலம் வேண்டவே வேண்டாம் என்றால் அதற்கும் செலவில்லாத வழி இருக்கிறது. பிரெஞ்சு மொழி நிறுவல் பென்டிரைவைத் தயார் செய்து சுத்தமாக ஏற்றுங்கள். அந்த 'ஒரு மொழி' பிரெஞ்சாகிவிடும். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு மூன்று மொழி கட்டாயம் வேண்டும் என்கிறவர்களுக்கு மட்டும்தான் ப்ரோ கீ வாங்கி மாறுவதில் பொருள் இருக்கிறது.

புதிதாக வாங்குகிறவர்கள் பெட்டியை மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல், கடையிலேயே லேப்டாப்பைத் திறந்து அபௌட் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

படி 4: ப்ரோவுக்குப் பணம் கொடுக்க வேண்டியவர் யார்

அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட்டின் பட்டியல் விலைப்படி ஹோம் 139 டாலர், ப்ரோ 199 டாலர், ஹோமிலிருந்து ப்ரோவுக்கு மாற 99 டாலர். அந்த 99 டாலர் நம் ரூபாயில் ஏறக்குறைய 4,500. அந்தப் பணத்துக்குக் கிடைப்பது என்ன?

ப்ரோவில் மட்டும் இருப்பவை இவை: டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரின் முழுக் கட்டுப்பாடு, வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் மூலம் உங்கள் கம்ப்யூட்டருக்குள் நுழையும் வசதி, குரூப் பாலிசி (விண்டோஸின் நுணுக்கமான விதிகளை அமைப்பது), ஹைப்பர்-வி (கம்ப்யூட்டருக்குள் விர்ச்சுவல் மெஷின் என்ற இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டுவது), விண்டோஸ் சேண்ட்பாக்ஸ் (சந்தேகமான ஆப்பைத் தனியே ஓட்டிப் பார்க்கும் இடம்), அலுவலக நெட்வொர்க்கில் முறைப்படி சேரும் வசதி. ஹோமில் ராம் 128 ஜிபியோடு நிற்கும், ப்ரோவில் 2 டிபி வரை போகலாம். 128 ஜிபி ராம் உள்ள வீட்டுக் கம்ப்யூட்டரை நீங்கள் பார்த்திருந்தால் எனக்கும் காட்டுங்கள்.

வேகம் இந்தப் பட்டியலில் இல்லை. ப்ரோ போட்டால் கேம் வேகமாக ஓடாது. ஆயுளும் அதிகமில்லை: ஹோம், ப்ரோ இரண்டின் ஒவ்வொரு பதிப்புக்கும் 24 மாத அப்டேட்தான். ஆன்டிவைரஸ், ஃபயர்வால், பிள்ளைகளுக்கான ஃபேமிலி சேஃப்டி எல்லாம் ஹோமிலும் அப்படியே உண்டு. டிஸ்க் என்கிரிப்ஷன்கூடத் தகுதியான கம்ப்யூட்டர்களில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் ஹோமில் இருக்கிறது. பென்டிரைவையோ வெளி ஹார்டு டிஸ்க்கையோ பூட்டுவது போன்ற கூடுதல் வேலைக்குத்தான் ப்ரோ வேண்டும்.

ரிமோட் டெஸ்க்டாப் விஷயத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. மகன் லண்டனிலோ பாரிசிலோ இருப்பான், அம்மா இங்கே போ பசானில். "தூரத்திலிருந்து சரிசெய்ய ப்ரோ வேண்டும்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். வேண்டாம். ஹோமிலேயே 'குவிக் அசிஸ்ட்' என்ற ஆப் இருக்கிறது. மகன் தன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து ஒரு குறியீட்டை வாங்கிப் போனில் சொல்வான், அம்மா அதைத் தட்டி அனுமதி கொடுத்தால் திரை அவன் முன் திறக்கும். (முன்பின் தெரியாதவர் போன் செய்து இதே குறியீட்டைத் தட்டச் சொன்னால் உடனே வைத்துவிடுங்கள், மோசடிக்காரர்களுக்கும் இந்த ஆப் பிடிக்கும்.) அம்மா பக்கத்தில் இல்லாதபோதும் நுழைய வேண்டும் என்றால் குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பை நிறுவிக்கொள்ளலாம், அதற்கும் ஹோம் போதும்.

ஆக, ப்ரோ யாருக்கு? வீட்டிலிருந்து அலுவலக வேலை பார்த்து, சொந்தக் கம்ப்யூட்டரில் ப்ரோ வேண்டும் என்று அலுவலகமே எழுத்தில் கேட்டவர்களுக்கு. வாடிக்கையாளர் கணக்குகளை வைத்திருக்கும் கணக்காளர்களுக்கு, பிட்லாக்கருக்காக. புரோகிராமிங் படிக்கும், விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் மாணவர்களுக்கும் பயன்படும், ஆனால் ஹைப்பர்-விக்குப் பதில் இலவசமான விர்ச்சுவல்பாக்ஸ் ஹோமிலேயே ஓடும். மற்றவர்கள் அந்தப் பணத்தை ராமிலோ எஸ்.எஸ்.டி. என்ற வேகமான டிஸ்க்கிலோ போடுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டிய கம்ப்யூட்டரில் தெரியும் வித்தியாசம் எந்த எடிஷனிலும் தெரியாது.

தயக்கமாக இருந்தால் ஹோமோடு தொடங்குங்கள். ஹோமிலிருந்து ப்ரோவுக்கு எப்போது வேண்டுமானாலும் ஏறலாம்: செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தில் கீயைப் போட்டால் போதும், ஃபைல்கள் அப்படியே இருக்கும். ப்ரோவிலிருந்து ஹோமுக்கு இறங்க, எல்லாவற்றையும் அழித்துத்தான் ஏற்ற வேண்டும்.

படி 5: கீ வாங்குவதாக இருந்தால்

லைசென்ஸில் இரண்டு வகை. ஓ.இ.எம். என்பது கம்ப்யூட்டரோடு வருவது, அந்த மதர்போர்டோடு முடிந்துவிடும். ரீடெய்ல் என்பது தனியாக வாங்குவது, நாளை கம்ப்யூட்டரை மாற்றினால் புதியதுக்குக் கொண்டுபோகலாம். இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 'லைஃப்டைம் ப்ரோ கீ' பெரும்பாலும் ஏதோ ஒரு நிறுவனத்துக்கோ பள்ளிக்கோ கொடுத்த மொத்த லைசென்ஸிலிருந்து கசிந்தது. இன்று ஆக்டிவேட் ஆகும், என்றோ ஒரு நாள் மைக்ரோசாஃப்ட் அதை முடக்கினால் விற்றவரைத் தேட முடியாது. இலவச ஆக்டிவேட்டர் புரோகிராம்கள் அதைவிட மோசம். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவச் சொல்லும் எதையும் பேங்க் கணக்கு பார்க்கும் கம்ப்யூட்டரில் விடாதீர்கள்.

படி 6: தமிழ் எழுத்துருக்களையும் சேர்த்து பேக்கப் எடுங்கள்

புகைப்படம், ஆவணம் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் எடுப்பது எல்லோருக்கும் தெரியும். தமிழர் வீடுகளில் மறந்துபோவது எழுத்துருக்கள். காவடி, தீமிதி அழைப்பிதழ், சங்கத்தின் ஆண்டு மலர் என்று பழைய ஃபைல்கள் பல பாமினி போன்ற, யூனிகோடு (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) அல்லாத எழுத்துருக்களில் இருக்கின்றன. இருக்கும் விண்டோஸின் மேலேயே அப்கிரேடு செய்தால் அவை தங்கும். சுத்தமாக ஏற்றினால் போய்விடும், பிறகு அந்த அழைப்பிதழைத் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். ஃபாண்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அவற்றை நகலெடுத்து வையுங்கள்.

லதா எழுத்துருவில் செய்த ஆவணங்களுக்கு இந்தக் கவலை வேண்டாம், அது யூனிகோடு. ஆனால் விண்டோஸ் 10 முதல் லதா தானாக வருவதில்லை. ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் தமிழ் துணை எழுத்துருக்கள் என்ற தொகுப்பைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் நிர்மலா யூஐ எழுத்துருவில் காட்டும். படிக்கலாம், பக்க அமைப்பு மட்டும் குலையும்.

படி 7: ஏற்றுவது

செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டிலேயே 11 வந்திருந்தால் அதை எடுத்துக்கொள்வதுதான் எளிது. வராவிட்டால் மைக்ரோசாஃப்ட் தளத்தில் உள்ள இன்ஸ்டலேஷன் அசிஸ்டன்ட். சுத்தமாக ஏற்ற மீடியா கிரியேஷன் டூலும் 8 ஜிபி பென்டிரைவும் வேண்டும். இறக்கம் 5 ஜிபிக்கு மேல் போகும், மொபைல் டேட்டாவில் தொடங்காதீர்கள். லேப்டாப்பைச் சார்ஜரிலேயே வையுங்கள், மேசைக் கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். இருந்தால் நல்லது. சூறாவளி எச்சரிக்கை இருக்கும் நாளில் இந்த வேலை வேண்டாம்.

சுத்தமாக ஏற்றும்போது எடிஷனைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிப் பட்டியல் வந்தால், படி 1இல் தாளில் எழுதிய அதே எடிஷனைத் தேர்ந்தெடுங்கள். ஹோம் லைசென்ஸ் வைத்துக்கொண்டு ஆசையில் ப்ரோவைத் தொட்டால் ஏறிவிடும், ஆனால் ஆக்டிவேட் ஆகாது. ஹோமை ஏற்றி முடிக்க இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும், ரிகவரி கீ அதில்தான் போய்ச் சேரும்.

முடிந்ததும் ஆக்டிவேஷன் பக்கத்தில் 'ஆக்டிவ்' என்று இருக்கிறதா பாருங்கள். மேலேயே அப்கிரேடு செய்தவர்களுக்குப் பழைய விண்டோஸுக்குத் திரும்ப 10 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் பிரிண்டர், ஸ்கேனர், பிள்ளைகளின் பள்ளி ஆப்கள் எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள். இடம் பிடிக்கிறதே என்று பழைய விண்டோஸ் ஃபோல்டரை அதற்குள் அழித்துவிடாதீர்கள்.

கம்ப்யூட்டர் தகுதி பெறாவிட்டால்

விண்டோஸ் 10க்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை இருக்கிறது. விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2வில் இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை ஒத்திசைத்தால் இலவசம், இல்லையென்றால் 30 டாலர். ஹோமுக்கும் ப்ரோவுக்கும் பொருந்தும். இது அவகாசம் மட்டுமே, தீர்வு அல்ல.

பிரௌசர், யூடியூப், ஈமெயில், கொஞ்சம் டைப்பிங் என்று மட்டும் ஓடும் கம்ப்யூட்டருக்கு விண்டோஸுக்குப் பதிலாக ஏற்றும் லினக்ஸ் மிண்ட் என்ற இயங்குதளம் நல்ல தேர்வு. அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு, விலை கிடையாது. அதிலும் எடிஷன் கேள்வி வரும்: சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ. 8 ஜிபி ராம் இருந்தால் சின்னமன், விண்டோஸ் பழகியவர்களுக்கு அதுதான் எளிது. 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ. மாட்டே நடுவில் இருப்பது, தேடி எடுக்க வேண்டிய காரணம் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை. ஆங்கிலம், பிரெஞ்சு, தமிழ் மூன்றையும் எந்த லைசென்ஸ் தடையும் இல்லாமல் சேர்க்கலாம். நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்க முடியும். வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா, தமிழ் சரியாகத் தெரிகிறதா என்று அப்போதே பார்த்துவிட்டு, பிறகு டிஸ்க்கில் ஏற்றுங்கள்.